பீவி 5150: பயாஸ் பாட் போட்டால்தான் உயிர் வருமா?

#1 டியூப்தாசன்

ஒரு கிதார் குழுவில் நேற்று வந்த பதிவு இது: "5150 வெச்சிருக்கறவங்க முதல்ல பயாஸ் பாட் மாட்டுங்க. கம்பெனி காசு மிச்சம் பிடிக்க அதைப் போடாம விட்டுட்டான். ஸ்டாக் 5150 செத்த பொணம்." கீழே வரிசையாக ஆமாம் சாமிகள். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. (புதியவர்களுக்கு: பவர் டியூப் சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை முடிவுசெய்யும் மைனஸ் வோல்டேஜ்தான் பயாஸ். அதைத் திருகிச் சரிசெய்யும் குமிழ் பாட்.)

1992இல் கிதார் கலைஞர் எடி வான் ஹேலனும் பீவியின் பொறியாளர் ஜேம்ஸ் பிரவுனும் சேர்ந்து கொண்டுவந்த கிதார் ஆம்ப் பெட்டி. 120 வாட். பவர் பக்கம் நாலு 6எல்6ஜிசி டியூப், ப்ரீஆம்பில் ஐந்து 12ஏஎக்ஸ்7. இன்றைக்கும் பழைய 5150க்கு ஆள் அலைகிறார்கள். செத்த பொணத்துக்கா இந்தக் கிராக்கி?

லீட் சேனலில் ப்ரீ கெய்னை 5இல் வைத்தாலே, சிக்னல் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (பவர் டியூப்களுக்கு அலையை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் இடம்) வந்து சேரும்போது மேலும் கீழும் நறுக்கிய சதுர அலை. அது பூஜ்யத்தைக் கடக்கிற நேரம் மிகச் சொற்பம். பயாஸ் குளிர்ந்திருந்தால், அதாவது டியூப் இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால், வருகிற கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (அலை ஒரு பக்க டியூப்பிலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் இடத்தில் விழும் வெட்டு) அந்தச் சொற்ப நேரத்தில்தான் நடந்தாக வேண்டும். கேட்காத ஒன்றுக்காக ஏன் போர்டைக் குடைகிறீர்கள்? ஸ்டாக் பயாஸ் கோளாறு இல்லை. அதுதான் 5150.

#2 மெட்டல்மாறன்

அந்த போஸ்ட் போட்டது நான்தான் ப்ரோ. பேர் சொல்லியே திட்டியிருக்கலாம்.

கணக்கு போடுவோம். பிளேட்ல 490 வோல்ட். ஸ்டாக் பயாஸ்ல ஒரு டியூப் இழுக்கறது 18 மில்லி ஆம்பியர். பெருக்கினா 8.8 வாட். 6எல்6ஜிசி தாங்கறது 30 வாட். முப்பது சதம்கூட வரலை! 37 மில்லி ஆம்பியருக்குக் கொண்டு போனா 18 வாட், அதாவது 60 சதம். அந்த இடத்துல மேல் ஃப்ரீக்வென்சில இருக்கற கரகரப்பு அடங்கிடும், நோட்டு சதைப்பிடிப்பா வரும். 18 மில்லி ஆம்பியர்ல ஓடற பெட்டியை "அதுதான் 5150"ன்னு சொல்றது பக்தி. எலக்ட்ரானிக்ஸ் இல்ல.

1981ல வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 2203ல உள்ளேயே பயாஸ் டிரிம் பாட் இருக்கு. பதினோரு வருஷம் கழிச்சு வந்த பெட்டில இல்ல. இதுக்கு என்ன காரணம் சொல்றீங்க?

#3 டியூப்தாசன்

ஜேசிஎம் 800ஐ இங்கே இழுப்பதிலேயே தெரிகிறது. 2203இல் ப்ரீஆம்ப் கெய்ன் குறைவு. மாஸ்டரைத் தூக்கி பவர் டியூப்பைக் கசக்கினால்தான் அது பேசும், அதனால் அதற்கு பயாஸ் முக்கியம். 5150இன் டிஸ்டார்ஷன் முழுக்க ப்ரீஆம்பில் செய்து முடித்தது. பவர் ஆம்பின் வேலை அதைச் சிந்தாமல் பெரிதாக்குவது மட்டும். இரண்டும் வேறு வேறு ஜாதி.

அப்புறம் டியூப் தாங்கும் வாட்டில் எழுபது சதம் வைக்க வேண்டும் என்று ஊரில் சொல்லும் கணக்கு. ஏபி வகுப்பில் (இரண்டு பக்க டியூப்பும் மாறி மாறி வேலை செய்கிற இந்த மாதிரி பவர் ஆம்பில்) 70 சதம் என்பது உச்சவரம்பு. இலக்கு இல்லை. எங்கோ படித்ததை எல்லோரும் இலக்காக எடுத்துக்கொண்டு டியூப்பைச் சுடுகிறார்கள். 18இலிருந்து 43க்குப் போனால் நாலு டியூப்புக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர் கூடுதல். 490 வோல்ட்டில் அது 49 வாட் வெப்பம், சும்மா நிற்கும்போதே. டியூப் சாக்கெட் சர்க்யூட் போர்டு மேலேயே உட்கார்ந்திருக்கிற பெட்டியில் அந்த வெப்பம் நேராக ஈயத்துக்குத்தான் போகும். ஒரு நாள் சாக்கெட் காலடியில் வட்டமாக விரிசல் விட்டு டப் டப் என்று சத்தம் வரும். அப்போது யாரைக் கேட்பீர்கள்?

#4 மெட்டல்மாறன்

நான் 37ன்னேன். நீங்க 43க்குக் கணக்கு போட்டு பயமுறுத்தறீங்க. 37க்கு 76 மில்லி ஆம்பியர்தான் கூடும், 37 வாட். ஒரு பல்பு.

ஜேசிஎம் 800ல ஏன் இருக்கு, இதுல ஏன் இல்லங்கற கேள்விக்கு இன்னும் பதில் வரலை. காசு. அவ்ளோதான்.

#5 யாழ்கம்பி

வணக்கம். ரெண்டு பேரும் "குளிர்" எண்டு ஒண்டைச் சொல்லுறியள். எத்தினை மில்லி ஆம்பியருக்குக் கீழை குளிர், எத்தினைக்கு மேலை சூடு எண்டு முதல்ல ஒத்துக்கொண்டுவிட்டுக் கதையுங்கோவன். இன்னொண்டு, 18 எண்டது எல்லாப் பெட்டிக்கும் ஒரே கணக்கில்லை. பயாஸ் வோல்டேஜ் மாறாமல் நிண்டாலும், போடுற டியூப்பைப் பொறுத்து ஒண்டு 12 இழுக்கும், இன்னொண்டு 26 இழுக்கும்.

கிராஸ்ஓவர் விசயத்தில தாசன் ஐயா சொல்லுறது பாதிதான். நெகட்டிவ் ஃபீட்பேக் அந்த வெட்டை நிரப்பும் எண்டு சொல்லுவினம். ஆனால் வெட்டு விழுகிற அந்த இடத்தில ரெண்டு பக்க டியூப்பும் கிட்டத்தட்ட அணைஞ்சிருக்கும், ஆம்பிளிஃபையரின்ரை கெய்னே அங்கை இல்லை. கெய்ன் இல்லாத இடத்தில ஃபீட்பேக் எதை வச்சுத் திருத்தும்? ஸ்பீக்கருக்குப் பதிலா 8 ஓம் ரெசிஸ்டரை டம்மி லோடாப் போட்டு, 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை குடுத்து, 2.83 வோல்ட்டில, அதாவது 1 வாட்டில, ஸ்கோப்பைப் பாருங்கோ. பூஜ்யத்தடியில படி தெரியும். சத்தம் கூடக் கூட அலை பெரிசாகும், படி அவ்வளவாகப் பெருக்காது, பங்கு குறைஞ்சு போகும். அதாலை சின்னச் சத்தத்திலதான் இது கேக்கும்.

#6 டியூப்தாசன்

சைன் அலை கொடுத்து யார் மெட்டல் வாசிக்கிறார்கள்? லீட் சேனலில் போவது சதுர அலை. முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

#7 மெட்டல்மாறன்

நோட்டு அடங்கும்போது? பாம் மியூட் விட்டு வால் தேயும்போது? வால்யூம் நாபைக் குறைச்சு ரிதம் சேனல்ல வாசிக்கும்போது? அங்கெல்லாம் சதுர அலையா போகுது? அந்த வால்லதான் கரகரன்னு கேக்குது. 18 மில்லி ஆம்பியர்!

#8 சால்டர்செல்வி

இந்த பாட்டை மாட்டுங்க மாட்டுங்கன்னு ஊரெல்லாம் சொல்றவங்க ஒருத்தர்கூட எப்படி மாட்டணும்னு சொல்றதில்ல. அரைகுறையா மாட்டின பெட்டிங்கதான் கடைசில ரிப்பேர் மேஜைக்கு வருது. அதனால எழுதறேன்.

முதல்ல, சுவிட்சை அணைச்சாலும் ஃபில்டர் கெபாசிட்டர்ல 500 வோல்ட் பக்கம் நிக்கும். ஒரு கையைப் பின்னால வெச்சுக்கிட்டு, 100 கே 5 வாட் ரெசிஸ்டரை க்ளிப் ஒயரோட சேஸிஸுக்குப் பிடிச்சு ஒரு நிமிஷம் விடுங்க. மீட்டர்ல 10 வோல்ட்டுக்குக் கீழ வந்ததைக் கண்ணால பார்த்த அப்புறம்தான் கை. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் அடிக்கிற வீரமெல்லாம் வேணாம்.

அளக்கறதுக்கு ஒவ்வொரு 6எல்6 சாக்கெட்லயும் 8ஆம் பின்னுக்கும் தரைக்கும் நடுவுல 1 ஓம், 1 சதம், 1 வாட் ரெசிஸ்டர். அதுல எத்தனை மில்லி வோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். அதுல ஸ்க்ரீன் கரண்ட்டும் சேர்ந்தே வரும், அதைக் கழிக்காம கணக்கு போட்டா பிளேட் வாட்டேஜ் நிஜத்தைவிட அதிகமா தெரியும். பயாஸ் மைனஸ் வோல்டேஜை 5ஆம் பின்ல பார்க்கணும். பிளேட் 3ஆம் பின், அங்க புரோப் வழுக்கிச்சுன்னா போச்சு.

இப்ப பாட். பயாஸ் வோல்டேஜைப் பங்கு பிரிக்கிற ரெண்டு ரெசிஸ்டர்ல, தரைக்குப் போற கால்லதான் வைக்கணும். போர்டுல இருக்கற மதிப்பை அளந்துக்கங்க. உதாரணத்துக்கு 15 கே இருந்தா, அதை எடுத்துட்டு 8.2 கே ரெசிஸ்டரும் 10 கே டிரிம் பாட்டும் தொடர்ல. மதிப்பு குறைஞ்சா மைனஸ் குறையும், டியூப் சூடாகும். மதிப்பு கூடினா மைனஸ் கூடும், டியூப் குளிரும். இந்தக் கால்ல வெச்சா, நாளைக்கு பாட்டோட வைப்பர் (உள்ளே நகர்ற தொடுமுனை) விட்டுப்போனாலும் மைனஸ் உச்சத்துக்கு ஏறி டியூப் அணைஞ்சுடும், சத்தம் போகும், வேற சேதாரம் இல்ல. சப்ளை பக்கத்துக் கால்ல வெச்சீங்கன்னா வைப்பர் விட்ட அடுத்த நொடி மைனஸே இருக்காது. நாலு டியூப்பும் சிவந்து, ஃப்யூஸ் போக லேட்டாச்சுன்னா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும்.

முதல் தடவை போடும்போது பாட்டை அதிக மதிப்புல, அதாவது குளிர்ந்த பக்கம் வெச்சு ஆன் பண்ணுங்க. ஸ்பீக்கரோ டம்மி லோடோ மாட்டாம ஆன் பண்ணவே கூடாது. பத்து நிமிஷம் சூடேறட்டும், அப்புறம் மெதுவா திருப்புங்க.

#9 டியூப்தாசன்

செல்வி அவர்கள் இவ்வளவு எழுதியும் இது ஏன் தேவை என்று ஒரு வரி இல்லை. போன மாதம் டியூப் பிராண்ட் திரியிலும் இதே கதைதான். செய்முறை நீளமாக வரும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

பாட் இல்லாமலே வழி இருக்கிறது. டியூப் விற்பவர்கள் கரண்ட் இழுக்கும் அளவை வைத்து ரகம் பிரித்துத்தான் விற்கிறார்கள். அதே பயாஸ் வோல்டேஜில் அதிகம் இழுக்கிற ரகத்தில் பொருத்தம் பார்த்த நாலு வாங்குங்கள். ஸ்டாக் பெட்டியே 25, 28 என்று நிற்கும். ஈயம் தொட வேண்டியதில்லை.

#10 சால்டர்செல்வி

அப்ப 18ல இருக்கறது பத்தாதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இல்லன்னா எதுக்கு 28 இழுக்கற டியூப் தேடணும்?

டியூப் பிராண்ட் திரியில உங்க கேள்விக்குப் பதில் குடுத்தாச்சு. உங்களுக்குப் பிடிக்காத பதிலா இருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

#11 டியூப்தாசன்

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றால் வழி இருக்கிறது என்றேன். வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஸ்டாக் பயாஸ் என்பது இந்தப் பெட்டியின் கீழ்ஸ்தாயி இறுக்கத்தில் பாதி. சூடாக்கினால் அடி பருத்துத் தொளதொளக்கும், கம்பிகளைத் தாழ்த்திக் கட்டும் ட்ராப் சி ட்யூனிங்கில் ரிஃப் குழையும்.

#12 6505காரன்

இடையில் ஒன்று. எல்லோரும் 5150 5150 என்கிறீர்கள். 2004இல் வான் ஹேலன் பீவியை விட்டுப் போனபோது பெயரையும் கையோடு கொண்டுபோனார். பெட்டி போகவில்லை, 6505 என்ற பெயரில் தொடர்ந்து வந்தது. பீவி தொடங்கிய 1965, நாற்பதாம் ஆண்டு 2005, இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். சர்க்யூட் அதேதான். பழைய லோகோவுக்காக இரட்டை விலை கொடுக்கிறவர்கள் பயாஸ் பற்றிப் பேசுவது வேடிக்கை.

#13 டியூப்தாசன்

அதேதான் என்று காகிதத்தில் சொல்லலாம். ஆரம்பத்தில் வந்த, கையெழுத்து லோகோ போட்ட பெட்டிகளில் சில்வேனியா 6எல்6 வந்தது. அந்த டியூப்போடு அந்த ஸ்டாக் பயாஸ் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

#14 6505காரன்

சில்வேனியாவைக் கழற்றி 6505இல் மாட்டினால் அதுவும் அதேபோலத்தான் கேட்கும். லோகோ தகரத்துக்குக் காது கிடையாது.

#15 மெட்டல்மாறன்

தாசன் சார் சூப்பர். சில்வேனியா போட்டா வேற சத்தம்னு நீங்களே சொல்றீங்க. பவர் டியூப் சத்தத்தை மாத்தும்னா பவர் டியூப்போட பயாஸும் மாத்தும். மூணாவது போஸ்ட்ல "பவர் ஆம்ப் பெரிசாக்க மட்டும்தான்"னீங்க. எது உண்மை?

#16 டியூப்தாசன்

டியூப்பின் தரம் வேறு, அதைச் சுடுவது வேறு. இது புரியாதவரோடு என்ன பேசுவது.

#17 நாலுபன்னெண்டு

கரகரப்பு கரகரப்புன்னு சண்டை போடறீங்க. பாதிப் பேருக்கு அது பயாஸ் இல்லீங்க, ஸ்பீக்கரும் மைக்கும். 5150க்குன்னு வந்த கேபினட்ல ஷெஃபீல்ட் 1200. அதுக்குப் பதிலா செலஸ்டியன் விண்டேஜ் 30 போட்டாலே மிட் முன்னாடி வந்து மேல் இரைச்சல் வேற ஆளாயிரும். எஸ்எம்57 மைக்கை தூசி மூடிக்கு நேர் நடுவுல வெச்சா எந்த ஆம்பும் தேனீக்கூடுதான். மூடியும் கோனும் சேர்ற விளிம்புக்கு நகர்த்துங்க, ஒரு விரல்கடை நகர்ந்தா போதும். ப்ரெசென்ஸ் 4க்கு மேல வேண்டாம். ரெசோனன்ஸை 6ல வெச்சு, பாஸை 4க்கு இறக்குங்க. பயாஸைத் தொடறதுக்கு முன்னாடி இத்தனை வேலை இருக்குங்க.

#18 மெட்டல்மாறன்

மைக்கே இல்லாம ரூம்ல நின்னு கேட்டாலும் வாலுல கரகரப்பு இருக்கு. 18 மில்லி ஆம்பியர். மைக் நகர்த்தினா மில்லி ஆம்பியர் ஏறுமா?

#19 நாலுபன்னெண்டு

ரூம்ல நீங்க நிக்கிற இடமும் மைக் மாதிரிதாங்க. ஸ்பீக்கருக்கு நேரா குனிஞ்சு கேட்டுப் பாருங்க, முழங்கால் உயரத்துல நின்னு ஆடற பெட்டியைத் தலைக்கு மேல இருந்து கேட்டா என்ன தெரியும்.

#20 டியூப்தாசன்

நாலுபன்னெண்டு சொல்வதே என் கட்சி. காரணம் வெளியே இருக்கிறது, இவர்கள் உள்ளே குடைகிறார்கள்.

கீழே இறுக்கம் வேண்டுமா, முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் போடுங்கள். ட்ரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அதன் க்ளிப்பிங் ஸ்டேஜில் 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெய்னை இறக்கிவிடும். ப்ரீஆம்புக்குள் போகும் முன்பே அடித்தொப்பை குறைந்துவிட்டால் லீட் சேனலில் குழைய எதுவும் மிஞ்சாது. உலகம் முழுக்க இந்தப் பெட்டியை இப்படித்தான் வாசிக்கிறார்கள்.

#21 மெட்டல்மாறன்

ட்ரைவ் பூஜ்யத்துலயும் அந்த பெடல் 12 மடங்கு கெய்ன் குடுக்குது. 51 கே, 4.7 கே, கணக்கு போட்டுப் பாருங்க. சிக்னலை வெளியவே மாத்தலாம், பெடல் போடலாம், ஸ்பீக்கர் மாத்தலாம், சில்வேனியா தேடி அலையலாம். ஒரு டிரிம் பாட் போட்டா மட்டும் 5150 இல்லாமப் போயிடுமா? இது என்ன நியாயம்?

இன்னொண்ணு. பிற்பாடு எடியோட சொந்த பிராண்டான ஈவிஎச் பேர்ல வந்த மாடல்கள்ல சிலதுல பயாஸ் சரிபண்ற வசதியை பின்பக்கத்துலயே குடுத்திருக்காங்க. அதே எடி. வேணாம்னா ஏன் குடுத்தார்?

#22 டியூப்தாசன்

டியூப் மாற்றும்போது கடைக்குப் போகாமல் இருப்பதற்காக. வாடிக்கையாளர் வசதி. சத்தத்துக்காக என்று எங்கே சொன்னார்கள்?

#23 டிஜிட்டல்துரை

கெம்பர்ல (ஆம்ப் சத்தத்தை நகலெடுக்கற டிஜிட்டல் பெட்டி) ஒரு 5150 ப்ரொஃபைல் போட்டா இந்த சண்டையே இல்ல. எடை கம்மி, 500 வோல்ட் இல்ல, செல்வி அக்காவோட ஒரு கை பின்னால வைக்கிற வித்தையும் தேவையில்ல.

#24 சால்டர்செல்வி

அந்த ப்ரொஃபைல் எடுத்த ஆம்ப் ஸ்டாக்கா, பாட் போட்டதா? எத்தனை மில்லி ஆம்பியர்? ஃபைல் பேர்ல எழுதியிருக்கா?

#25 டிஜிட்டல்துரை

எழுதலை. நல்லா இருக்கு, அது போதும்.

#26 டியூப்தாசன்

நகலை வைத்துக்கொண்டு அசலைப் பற்றிப் பேச வந்துவிட்டார். அடுத்தவர் வரலாம்.

#27 யாழ்கம்பி

நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எத்தினைக்குக் கீழை குளிர்?

மெயின்ஸையும் ஒருத்தரும் கதைக்கேல்லை. அமெரிக்காவில இருந்து பழைய 5150 எடுப்பிக்கிறவை 120 வோல்ட் பெட்டியைத்தான் எடுப்பிக்கினம். அதுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். முழுச் சத்தத்தில ஓடினா 500 விஏ மட்டுமட்டு, 750 எடுத்தால் பயமில்லை. எங்கட பக்கம் லைன் 230இல நிக்காமல் 250க்கு ஏறினால், அதே விகிதத்தில அந்தப் பக்கமும் 120 எண்டது 130 ஆகும். 490 எண்ட பிளேட் 530ஐத் தாண்டும், பயாஸ் மைனஸும் கூடவே ஏறும். அப்ப நீங்கள் 37 எண்டு வச்சது 37ஆ நிக்காது. பின்னேரம் லைன் இறங்கின நேரம் பயாஸ் வச்சுப்போட்டு, நடுச்சாமம் லைன் ஏறினாப் பிறகு வாசிக்கிறவை என்ன செய்வினம்? பாட் போடுறதெண்டால் மீட்டரை முதல்ல சுவர் பிளக்கில குத்துங்கோ.

#28 சால்டர்செல்வி

இது சரியான பாயின்ட். 250 வர்ற ஊர்ல 60 சதம்கூட வைக்காதீங்க, 50ல நிறுத்துங்க. டியூப் ஹீட்டரும் 6.3க்குப் பதிலா 6.8 வாங்கிட்டிருக்கும், ஆயுசு அதுலயும் குறையும்.

#29 டியூப்தாசன்

பார்த்தீர்களா? லைன் ஆடுகிற ஊரில் குளிர்ந்த பயாஸ்தான் காப்பு. 18இல் இருந்தால் 250 வந்தாலும் டியூப்புக்கு வேர்க்காது. இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

#30 சால்டர்செல்வி

முதல்ல இருந்து நீங்க சொன்னது சத்தத்தைப் பத்தி. லைனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. யாழ்கம்பி எழுதினதைத் தூக்கி உங்க சட்டைப்பையில போட்டுக்காதீங்க.

#31 6505காரன்

யாராவது 6505இல் ஈஎல்34 போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மார்ஷல் சாயல் வருமா?

#32 சால்டர்செல்வி

அப்படியே செருகாதீங்க. ஒரு ஈஎல்34க்கு ஹீட்டர் 1.5 ஆம்பியர், 6எல்6க்கு 0.9. நாலுக்கு 3.6 இருந்த இடத்துல 6 ஆம்பியர். அந்த வைண்டிங் அதுக்காகச் சுத்தினது இல்ல, பவர் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். ஈஎல்34ல சப்ரெஸர் கிரிட் 1ஆம் பின்ல தனியா வரும், அதை 8ஓட சேர்க்கணும். பயாஸும் வேற வோல்டேஜ் கேக்கும், அப்பவும் பாட் வேணும்.

#33 டியூப்தாசன்

ஈஎல்34க்குத் தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு ஸ்டாக் பயாஸ் பற்றி. மாறன் இன்னும் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. சதுர அலையில் வெட்டு எங்கே கேட்கும்?

#34 மெட்டல்மாறன்

வாலுல. மூணாவது தடவை சொல்றேன். வாலுல. ஜேசிஎம் 800ல ஏன் பாட் இருக்குன்னு நீங்க சொன்ன காரணம் பத்தாது, பவர் டியூப்பைக் கசக்காம பெட்ரூம் சத்தத்துல வாசிக்கிறவனுக்கும் அது இருக்கு. 5150க்காரனுக்கு மட்டும் ஏன் கூடாது?

#35 டியூப்தாசன்

5150ஐ பெட்ரூம் சத்தத்தில் வாசிக்கிறவர் அதன் பயாஸைக் குறை சொல்லக்கூடாது. போஸ்ட் கெய்னை 3க்கு மேல் ஏற்றுங்கள். 120 வாட் பெட்டியை 1 வாட்டில் ஓட்டிவிட்டு 1 வாட்டில் தெரிகிற படியைப் பற்றி அழுகிறீர்கள்.

#36 யாழ்கம்பி

அப்ப 1 வாட்டில படி இருக்கு எண்டு ஏற்றுக்கொள்ளுறியளோ?

#37 டியூப்தாசன்

சைன் அலைக்கு. இந்தத் திரியில் எத்தனை முறை எழுதுவது, லீட் சேனலில் போவது சதுர அலை.

#38 மெட்டல்மாறன்

18 மில்லி ஆம்பியர்.